பாட்டன் வீட்டில் பந்திக்கூடம்: பழைய வீட்டைச் சீர்செய்வோரும் நம் வணிகர்களும் கவனிக்க வேண்டியவை

நம் தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று எந்த ஊருக்குப் போனாலும், பூட்டிக் கிடந்த பழைய வீடுகளில் சில மீண்டும் திறக்கப்படுவதைக் காண்கிறோம். நம் சங்க உறுப்பினர்களிலேயே கடை டவுனிலும் பாட்டன் கட்டிய வீடு ஊரிலுமாக இருப்பவர்கள் பலர். பிள்ளைகள் சென்னையிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். ஊர்க் கொடைக்கும் குடும்ப விசேஷங்களுக்கும் அனைவரும் கூடும்போது தங்க ஓர் இடம் வேண்டும் என்று வீட்டை விற்காமல் சீர்செய்கிறார்கள். இது வரவேற்க வேண்டிய நல்ல காரியம்.

ஓடு மாற்றி, உத்திரம் பார்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வருகிறது. "சாப்பாட்டுக்கு எங்கே உட்காருவது?" உடனே டவுன் ஷோரூமில் ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிளுக்கு ஆர்டர் கொடுத்து விடுகிறார்கள். வந்து இறங்கிய மேஜை ரேழி வாசலில் நுழைவதில்லை. எப்படியோ நுழைத்து விட்டாலும் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பரிமாற வழியில்லாமல் வீட்டுப் பெண்கள் படும் சிரமம் சொல்லி முடியாது. லட்சக்கணக்கில் செலவழித்த வீட்டில், நாள்தோறும் மூன்று வேளை பயன்படும் இடத்தில் கோட்டை விடுகிறோம்.

பாய், பாத்திரம், பலகை, இலை, மளிகை என்று இந்த ஓர் அறைக்குத் தேவையான அத்தனையும் நம் கடைகள் வழியாகவே போக வேண்டியவை. எனவே வீட்டுக்காரர் என்ற முறையிலும் வியாபாரி என்ற முறையிலும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பழைய வீட்டில் சாப்பாட்டு அறை எங்கே?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் பழைய வீடுகளில் 'சாப்பாட்டு அறை' என்று தனியாக ஒன்று கிடையாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அடுத்த கட்டில் அடுக்களை, பின்னால் கிணறு, தொழுவம் என்பதே பொதுவான அமைப்பு. நாள்தோறும் அடுக்களையை ஒட்டிய தாழ்வாரத்தில் மணைபோட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விசேஷ நாட்களில் கூடம் முழுவதும் பந்திப் பாய் விரித்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பாயைச் சுருட்டி, இலையை எடுத்து, இடத்தைத் துடைத்து விட்டால் அதே கூடத்தில் குழந்தைகள் உறங்குவார்கள், பெரியவர் கணக்குப் பார்ப்பார். ஒரே இடம் நான்கு வேலைக்குப் பயன்பட்டது.

இந்த அமைப்பில் ஒரு கணக்கு இருந்தது. அடுக்களைக்கு அருகில் சாப்பிடும் இடம். அதற்கு அருகில் கை கழுவ முற்றத்தின் ஓரமோ கிணற்றடியோ. வெளிச்சமும் காற்றும் முற்றத்திலிருந்து வந்தன. எனவே சீர்செய்யும்போது எந்த அறை காலியாக இருக்கிறது என்று பார்ப்பதை விட, அடுக்களை, முற்றம், கை கழுவும் இடம் மூன்றும் எங்கே பத்தடிக்குள் சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டாம் கட்டுத் தாழ்வாரமாகவே இருக்கும். முகப்பு அறையைச் சாப்பாட்டு அறையாக மாற்றியவர்கள், சாம்பார் வாளியுடன் வீட்டை நீளவாக்கில் கடந்து கடந்து அலுத்துப் போவார்கள்.

பார்க்கத் தகுந்த இரண்டு முன்மாதிரிகள்

நம் பக்கத்து வீடு எப்படி இருந்தது என்பதை முழுமையாகப் பார்க்க விரும்புவோர், சென்னைக்குச் சரக்கு வாங்கப் போகும்போது அரைநாள் ஒதுக்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ராவுக்குச் சென்று வரலாம். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்தும் இந்த அருங்காட்சியகம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளை அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஆம்பூர் அக்ரகார வீடும் ஒன்று. (தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வடக்கத்தி ஆம்பூர் அல்ல.) செட்டிநாட்டு வணிகர் வீடும் அங்கே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், குறுகலான வரிசை வீட்டில் இடத்தை எப்படிச் சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள், பெரிய வணிகர் வீட்டில் விருந்துக்கு எவ்வளவு இடம் விட்டார்கள் என்பது விளங்கும்.

இரண்டாவது முன்மாதிரி காரைக்குடிப் பக்கம். பர்மா, இலங்கை, மலேயா என்று வணிகம் செய்து திரும்பிய நகரத்தார் கட்டிய வீடுகளைப் பற்றி வணிகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் வெளிநாட்டு எனாமல் பாத்திரங்களும் வந்து இறங்கிய வீடுகள் அவை. யுனெஸ்கோ அமைப்பின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டைச் சேர்த்தபோது, 'தமிழ் வணிகரின் கிராமத் தொகுதிகள்' என்ற பொருள்படவே பெயரிட்டார்கள். அரசர் கட்டியதையும் ஆண்டவர் கோயிலையும் தான் உலகம் பார்க்க வரும் என்று எண்ணியிருந்த காலத்தில், வியாபாரி கட்டிய வீட்டுக்கு அந்த மதிப்புக் கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை.

அந்தப் பகுதியில் பழைய வீட்டை விருந்தினர் விடுதியாக்கி முதலில் வெற்றி கண்டவற்றுள் ஒன்று காரைக்குடி 'தி பங்களா'. தம் குடும்பத்துப் பழைய பங்களாவை 1999இல் திருமதி மீனாட்சி மெய்யப்பன் விடுதியாகத் திறந்தார். அங்கே வந்து தங்குவோரை ஈர்த்தது மெத்தையோ குளிர்சாதனமோ மட்டுமல்ல. நீண்ட மேஜையில் வாழையிலை போட்டு, வீட்டுச் சமையலை வரிசையாகப் பரிமாறும் முறைதான் அந்த வீட்டின் பெயரை வெளிநாடு வரை கொண்டு போயிற்று. மேஜை மேல்நாட்டு வழக்கம், இலை நம் வழக்கம். இரண்டையும் சண்டையில்லாமல் சேர்த்ததே அதிலுள்ள சூட்சுமம். சாப்பாட்டு அறையே ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றும் வருமானமாக முடியும் என்பதற்கு இதுவே சான்று.

மேஜையா, மணையா?

'பழைய வீடு, ஆகவே தரையில்தான் உட்கார வேண்டும்' என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. மூட்டு வலியுள்ள ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் அது தண்டனை. மேஜை மட்டும் போதும் என்பதும் சரியல்ல. கொடைக்கு நாற்பது பேர் கூடினால் எந்த மேஜையும் போதாது. நிரந்தரமாகச் சிலருக்கு மேஜை, மற்றவர்களுக்குச் சுருட்டி வைக்கும் பாய் என்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

மேஜை செய்யச் சொல்லும் முன் நான்கு அளவுகளை மனத்தில் கொள்ள வேண்டும். மேஜையின் உயரம் இரண்டரை அடி. நாற்காலி அல்லது பெஞ்சின் உயரம் ஒன்றரை அடி. ஒருவர் கை இடிக்காமல் சாப்பிட இரண்டு அடி அகலம். தலைவாழை இலை போடுவதானால் இன்னும் கால் அடி கூட்டிக் கொள்ளலாம். உட்கார்ந்தவருக்குப் பின்னாலோ முன்னாலோ ஒருவர் வாளியுடன் நடக்க மூன்று அடி.

இப்போது ஏழடி அகலமுள்ள தாழ்வாரத்தை எடுத்துக் கொள்வோம். இருபுறமும் உட்காரும் மேஜைக்கு மூன்று அடியும், இரு பக்கமும் உட்காருவதற்கு இரண்டிரண்டு அடியும் போனால் ஏழடியும் தீர்ந்தது. நடக்க ஓர் அங்குலம் இல்லை. அதே இடத்தில் சுவரை ஒட்டி நீள பெஞ்சும், அதற்கு முன் ஒன்றரை அடி அகலத்தில் நீளமான ஒடுக்க மேஜையும் போட்டால், மூன்றரை அடிக்குள் வேலை முடிந்து, பரிமாற மூன்றரை அடி மிஞ்சும்.

இட மிச்சம் மட்டும் அல்ல, இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் பந்தியில் பரிமாறுபவர் இலைக்கு முன்னால் நடந்து வருவார். சாப்பிடுபவரின் முகத்தைப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் சொதி?' என்று கேட்டு ஊற்றுவார். எதிரெதிரே உட்காரும் மேஜையில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தோளுக்கு மேல் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் சட்டையில் கொட்டுவது அப்படித்தான். எட்டிலிருந்து பத்து வகை பரிமாறும் வீட்டுக்கு ஒருபக்கம் உட்காரும் ஒடுக்க மேஜையே ஏற்றது.

மேஜையை ஒரே துண்டாகச் செய்யாமல் நாலடி, ஐந்தடித் துண்டுகளாகவும், கால்கள் மடங்கும் விதமாகவும் செய்யச் சொல்வது நல்லது. பழைய வாசற்கால்களின் அகலத்தை நாடாவால் அளந்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். பூவரசு, வேம்பு, பலா போன்ற நாட்டு மரங்களே இதற்குப் போதும். மணைப்பலகைக்குப் பலா சிறந்தது. பரணில் கிடக்கும் பழைய கதவுப் பலகையை இழைத்து மேற்பலகையாக்கினால் செலவும் குறையும், வீட்டின் பொருள் வீட்டிலேயே இருக்கும்.

மலிவாக இருக்கிறது என்று மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்களை வாங்குவோர் ஒன்றை மறக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதியில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. ஆற்றோர ஊர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். தண்ணீரில் ஊறிய தூள்பலகை உப்பி உதிர்ந்து விடும். கட்டை மரம் நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் தேறி விடும். பித்தளைக்குத் துடைத்தால் போதும். ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவர், தண்ணீர் புகுந்தாலும் பிழைக்கும் சாமான்களையே கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும்.

தரையும் சுவரும்

பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வெளியே விடும் தன்மை உடையது. அதன்மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பொரிந்து உதிரும். சாப்பாட்டு இடத்தில் இது உணவிலேயே விழும். சுண்ணாம்பு வெள்ளையே போதுமானது. இலை முதுகில் உரசும் உயரத்துக்குக் கறை படியும் என்று அஞ்சுவோர், பெஞ்சுக்குப் பின்னால் மூன்றடி உயரத்துக்கு மரப்பலகையோ பாயோ சாத்தி விடலாம். ஒயரிங்குக்காகப் பழைய சுவரைக் கொத்திக் காயப்படுத்தாமல் வெளியோட்டமாகவே கொண்டு போவது நலம்.

காவித் தரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆசிட் பகை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவை ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் பதப்படுத்தப்படுவது. சூளையில் சுடுவதில்லை. அது நடக்க நடக்கத்தான் மெருகேறும். புளிக் குழம்பு, எலுமிச்சை சிந்தினால் உடனே துடைத்து விட வேண்டும். வாரம் ஒருமுறை சிறிது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் பளபளப்பு நிற்கும். தரை சுத்தம் செய்யும் திரவங்களை விற்கும் நம் கடைக்காரர்கள், 'வீட்டில் என்ன தரை?' என்று ஒரு வார்த்தை கேட்டு விட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் என்றென்றும் நன்றியுடன் இருப்பார்.

பாய், பானை, இலை

பந்திக்கூடத்துக்கு முதல் சாமான் பாய். பத்தமடையை அருகில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பாய் வாங்குவது, நெல்லையில் இருந்துகொண்டு அல்வாவை வெளியூரிலிருந்து வரவழைப்பதற்கு ஒப்பாகும். ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து, உலர்த்தி, ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் நெய்யும் இந்தத் தொழிலைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் அவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் முக்கியமாகப் பெண்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆனால் வியாபாரி ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். பட்டுப்பாய் வேறு, புழக்கத்துப் பாய் வேறு. பட்டுப்பாய்க்குக் கோரையைப் பல நாள் ஊறவைத்து நூலிழை போல் கிழிக்கிறார்கள். துணியைப் போல் மடங்கும் அந்தப் பாயைப் பந்திக்கு விரித்து ரசம் கொட்ட விடுவது பாவம். அது சுவரில் மாட்டவும் மணமக்கள் உட்காரவும் உரியது. பந்திக்குத் தடித்த கோரையில் நெய்த நீளப் பாயே சரி. வாடிக்கையாளருக்குத் தாழ்வாரத்தின் நீளத்தை அளந்து வரச் சொல்லி, அந்த அளவுக்கே நெய்து வாங்கிக் கொடுத்தால் நெசவாளருக்கும் முன்கூட்டியே வேலை கிடைக்கும். பாயை மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமல் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

தண்ணீருக்குக் காருகுறிச்சி மண்பானை. அடியில் மணல் பரப்பிய திட்டில், வெயில் படாமல் காற்றுப் படும் மூலையில் வைத்தால் பிரிஜ்ஜைத் தேட வேண்டியிருக்காது. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. பானைக்கு வெளியே எனாமல் பெயிண்ட் அடித்து 'அழகு' செய்தால் குளிர்ச்சி போய்விடும்.

இலைக்கு நமக்குக் குறைவில்லை. களக்காடு, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வாழை செழிக்கும் பூமி இது. இலைக் கட்டு கிடைக்காத நாட்களுக்கு மந்தாரை தையல் இலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கின்றன. மேஜைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, தெர்மாகோல் தட்டு ஆகியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருப்பதை உறுப்பினர்களுக்கு மீண்டும் நினைவூட்டுகிறோம். கேட்கிறார்களே என்று எடுத்துக் கொடுத்து அபராதம் கட்டுவதில் லாபம் ஏது?

பாத்திரம்: வெள்ளீயமா, காரீயமா?

இனி நாம் மிகுந்த பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம்.

பித்தளையைக் கொடுத்து எவர்சில்வர் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டா, செம்பு, வெண்கலப் பானை, ஈயச் சொம்பு என்று சாப்பாட்டு அறையில் வரிசையாக அடுக்கி அழகு பார்க்கிறார்கள். பார்ப்பதோடு நிற்காமல் சமைக்கவும் தொடங்குகிறார்கள். பித்தளையிலும் செம்பிலும் புளி, தயிர், எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் உட்புறம் ஈயம் பூசினார்கள். நவச்சாரம் தூவி, பாத்திரத்தைச் சூடேற்றி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் உள்ளெங்கும் தேய்ப்பது அந்த வேலை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகி விடும். ஆகவே ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது. முழுதும் ஈயத்தால் ஆன சொம்பில் ரசம் வைப்பவர்கள், தண்ணீர் ஊற்றிய பிறகே மிதமான தீயில் ஏற்ற வேண்டும் என்பது ஆச்சிமார் அறிந்த பாடம்.

வெள்ளீயம் உணவுக்குத் தீங்கற்றது. காரீயம் நஞ்சு. பேச்சு வழக்கில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்வதால்தான் ஆபத்து. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போல் பல மடங்கு. எனவே கலப்படம் செய்ய ஆசை வருகிறது. காரீயம் உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரசத்தின் புளிப்பு காரீயத்தைக் கரைத்து எடுக்கும். அழகுக்காக வாங்கிய சொம்பு பேரப் பிள்ளைகளுக்கு நஞ்சூட்டினால் அந்தப் பழி விற்றவனையும் சேரும்.

கடையிலேயே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறோம். வெள்ளீயம் தண்ணீரைப் போல் 7.3 மடங்கு கனம். காரீயம் 11.3 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள சொம்பை, விளிம்பு வரை நீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் முழுதும் மூழ்க விட்டு, வழிந்த நீரை அளக்க வேண்டும். சுத்த வெள்ளீயமானால் சுமார் 68 மில்லி வழியும். முழுக் காரீயமானால் 44 மில்லிதான் வழியும். 60க்குக் கீழே வந்தால் அதில் காரீயம் ஏராளம், தொடவே வேண்டாம். ஆனால் பத்து சதவீதக் கலப்பு இருந்தாலும் வழியும் நீர் இரண்டு மில்லிதான் குறையும். அது கண்ணுக்குத் தப்பி விடும். எனவே இந்தச் சோதனை மோசமான சரக்கை ஒதுக்க மட்டுமே உதவும். சமையலுக்கு என்று விற்பதானால், மொத்த வியாபாரியிடம் உலோகப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்கி, பில்லில் 'வெள்ளீயம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சான்று இல்லாத பழைய சொம்பை 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று சொல்லியே விற்க வேண்டும். வாங்குபவர் கோபித்தாலும் பரவாயில்லை.

பழைய சாமான் வாங்கும்போது

பாத்திரக் கடை வைத்திருப்போரிடம் பழைய விளக்கும் தூணும் கதவும் ஓவியமும் கூட இன்று விலைக்கு வருகின்றன. இங்கே சட்டத்தை அறியாமல் காலை விடக் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கலைவேலைப்பாடுள்ள பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் ஆகியவை தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக் கூடியவை. உரிமம் இல்லாமல் அவற்றை விற்கும் தொழில் செய்வதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை 'அந்தக் குத்துவிளக்கைப் பார்சலில் அனுப்புங்கள்' என்று கேட்டால், அதன் வயதைத் தெரிந்துகொள்ளாமல் அனுப்பி வைக்க வேண்டாம்.

பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரை ஒருமுறை படித்துப் பார்ப்பது இன்னும் முக்கியம். கோயில் பெயரோ கட்டளைப் பெயரோ இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் கை வைக்கக் கூடாது. திருட்டுப் பொருளை அறிந்து வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. விற்பவரின் பெயர், முகவரியை எழுதி வாங்கி, முத்திரையிட்ட தராசில் எடை போட்டு, பில் போட்டு வாங்குவதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

சில வேளைகளில், ஆச்சியின் பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரத்தை அவசரத்துக்குக் கிலோக் கணக்கில் போட வருவார்கள். உருக்கினால் அது வெறும் பித்தளை. சீர்செய்த வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் அலமாரியில் இருந்தால் அது ஒரு குடும்பத்தின் வரலாறு. 'இதை மட்டும் வைத்துக் கொள்ளுங்களேன்' என்று சொல்லும் வியாபாரிக்கு அன்றைக்குச் சிறு நஷ்டம். அந்தக் குடும்பம் அடுத்த கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வேறு கடைக்குப் போகாது.

நம் கடைகளுக்கு இதில் என்ன?

பழைய வீட்டைச் சீர்செய்வோர் பெரும்பாலும் ஊரில் நிரந்தரமாக இருப்பதில்லை. எந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மளிகைக் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், பாய் வியாபாரி, இலைக் கடைக்காரர் ஆகிய நால்வரும் ஒருவரை ஒருவர் சிபாரிசு செய்து, ஒரே பட்டியலாக எழுதிக் கொடுத்தால் அவர் ஷோரூமைத் தேடிப் போக மாட்டார். பந்திப் பாயையும் பெரிய அண்டாக்களையும் வாடகைக்கு விடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் நாற்பது பேர் கூடும் வீட்டுக்கு விலைக்கு வாங்குவதை விட அதுவே சிக்கனம். பித்தளை துலக்கப் பழம்புளி, ஈயம் பூச நவச்சாரம், விருந்துக்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று கேட்டு வருவோருக்கு இல்லை என்று சொல்லாமல் சிறிதளவாவது இருப்பு வைத்துக் கொள்ள வேண்டும்.

ஈயம் பூசும் தொழிலாளர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் கடை வாசலில் இடம் கொடுத்து, 'இன்று ஈயம் பூசித் தரப்படும்' என்று பலகை வைக்கும் பாத்திரக் கடைக்கு அன்று கூட்டம் தானாக வரும். சுத்த வெள்ளீயத்தைக் கடைக்காரரே வாங்கிக் கொடுத்து விட்டால் கலப்படப் பயமும் இல்லை.

வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்த முனைவோருக்குச் சரக்குக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியம். தொடக்க உற்சாகத்தில் கணக்கில்லாமல் கடன் கொடுக்க வேண்டாம். மாத வரம்பை முதலிலேயே எழுத்தில் பேசி, பில்லுக்குப் பில் கையெழுத்து வாங்கிக் கொள்வது நட்பையும் காக்கும்.

பூட்டிய வீடு பத்து ஆண்டில் இடியும், பிறகு உத்திரமும் கதவும் தனித்தனியாக லாரி ஏறும். அதே வீட்டில் ஆண்டுக்கு நான்கு முறை பந்தி நடந்தால், அதற்காகவே கூரை பார்ப்பார்கள், கிணறு தூர்வாருவார்கள், அக்கம்பக்கத்துக் கடையில் சாமான் வாங்குவார்கள். தெரு உயிரோடு இருந்தால்தான் தெருமுனைக் கடையும் உயிரோடு இருக்கும். ஆகவே, பழைய வீட்டுக்குச் சாமான் கேட்டு வருபவரிடம் விலையைச் சொல்லும் முன் தாழ்வாரத்தின் அகலத்தையும், உட்காருவோர் எண்ணிக்கையையும், வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா என்பதையும் கேட்குமாறு உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறோம்.